காட்டேரி வீட்டு விருந்து

ரகித்னா ஊரில் குலப் புனிதரின் திருநாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வரவேண்டியவர்களுக்குத் தெரியும், வந்துவிடுவார்கள். வராமல் போனால் அடுத்த வருஷம் வரைக்கும் மனத்தாங்கல்தான். வீட்டுக்குரியவருக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசி விருந்தாளி படியிறங்கும் வரை நின்றுகொண்டே பரிமாற வேண்டும், உட்காரக் கூடாது. வுகோசாவாவுக்கு மூட்டுவலி. ஆனாலும் தன் குலப் புனிதரான மிக்கேல் தூதரின் நாளில் அவள் ஒரு தடவைகூட நாற்காலியைத் தொட்டதில்லை. அப்பாவுக்குப் பிறகு அந்த வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்ற அவள் ஒருத்திதான் மிச்சம்.

பேய்க்கதை எழுதுவதுதான் அவளுடைய பிழைப்பு. பேய்க்கதை என்றால் கண்ட பேயும் இல்லை, ரத்தக்காட்டேரி மட்டும்தான். அதிலும் அவள் மகா கறார். கறுப்பு அங்கியும் கோரைப்பல்லும் வெளிநாட்டுச் சரக்கு என்பாள். நம்மூர்க் காட்டேரி செத்துப்போன குடியானவன். உப்பிய உடம்பு, ரத்தம் ஏறிச் சிவந்த முகம், தோளில் பிணத்துணி. அவன் கோட்டையில் குடியிருப்பவனும் இல்லை, பெண்டாட்டி இருக்கும் வீட்டுக்குத்தான் திரும்பி வருவான். இதற்காகவே இரண்டு பதிப்பாளர்களோடு சண்டை போட்டு உறவை முறித்துக்கொண்டவள் அவள்.

இந்தக் கிறுக்குக்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய கொள்ளுத்தாத்தா ராதோயே செத்தபின் காட்டேரியாகி, விதவை ஸ்தாமென்காவிடம் வந்து போனதாகவும், அப்படிப் பிறந்தவர்தான் வுகோசாவாவின் தாத்தா என்றும் ஊரில் பேச்சு. பள்ளிக்கூடத்தில் அவளைக் 'காட்டேரிப் பேத்தி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அழுது அழுது அலுத்துப்போய், ஒருநாள் "ஆமாம், அப்படித்தான்" என்று பல்லைக் காட்டினாள். அன்றைக்கே பாதிப் பேர் அடங்கிவிட்டார்கள். வசவாக வந்த பெயரையே பிறகு பிழைப்பாக்கிக்கொண்டாள். ஸ்தாமென்கா படுத்த அறையில், கணவனுக்காக அவள் காத்து நின்றதாகச் சொல்லும் சன்னலருகே மேசையைப் போட்டு எழுதினாள். எல்லா நாவலிலும் ஒரு விதவை சன்னலோரம் காத்திருப்பாள். மண்வாசனையோடு கணவன் வருவான். சாவும் பிரிக்க முடியாத காதல் என்று வாசகிகள் உருகி உருகிக் கடிதம் போட்டார்கள். எழுதும்போது வுகோசாவாவும் உருகியவள்தான்.

அந்த வருஷத் திருநாளுக்கு பெல்கிரேடிலிருந்து பதிப்பாசிரியன் நெபோய்ஷா வந்திருந்தான். புது நாவலின் அட்டையை அச்சடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தான். பன்றி வறுவலுக்கும் முட்டைக்கோஸ் இலையில் கறி சுற்றிய பொதிக்கும் நடுவே அட்டை கைமாறிக் கைமாறிப் பக்கத்து வீட்டு ஓப்ராத்திடம் போய்ச் சேர்ந்தது. ஓப்ராத் ஓய்வுபெற்ற வனக்காவலர். பிளம் சாராயம் உள்ளே போனால் ஊரிலேயே அவரைப்போலத் தமாஷ் பேச ஆள் கிடையாது என்பது அவருடைய அபிப்பிராயம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னட்டையை உரக்கப் படித்தார். "காட்டேரியின் கொள்ளுப்பேத்தி எழுதிய காதல் காவியம்." படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்ன வுகா, இன்னுமா இதைச் சொல்லிட்டுத் திரியிறே? ஆம்பளைங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி ஒனக்கு மட்டும் தெரியாமப் போச்சா?"

"எந்தச் சங்கதி மாமா?"

அவர் மனைவி லியூபிங்கா முழங்கையால் இடித்தாள். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க."

"இருடி. எழுத்தாளரம்மா தெரிஞ்சுக்கட்டும். ஒன் காட்டேரி வேற யாருமில்லம்மா, எங்க சிமெயுன் தாத்தாதான்."

மேசையில் இரண்டு மூன்று பேர் களுக்கென்று சிரித்தார்கள். அவர்களுக்கும் தெரியும் என்று வுகோசாவாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. கையில் பொதித் தட்டோடு நின்றாள்.

ஓப்ராத் கதையை ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். இலையுதிர்காலத்தில் சாராயம் காய்ச்சும்போதெல்லாம் கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்து தாத்தா சொல்வாராம். "ராதோயே நெஞ்சுச்சளியில போய்ட்டான். பொண்ணு சின்ன வயசு, தனியா கெடக்குது. எங்க தாத்தா என்ன பண்ணுவாருன்னா, மூஞ்சியில பீட்ரூட்டைத் தேச்சுக்குவாரு. படுக்கை விரிப்பை எடுத்துத் தோள்ல போட்டுக்குவாரு. அவ்வளவுதான். காட்டேரின்னு பயந்து ஊர்ல ஒருத்தன் கதவைத் திறக்க மாட்டான். அந்தம்மா வீட்டுக்கு நேரா போக வேண்டியது. அப்புறம் வயித்துல புள்ளை. செத்த புருஷன் வந்துட்டுப் போறான்னு ஊர் சொல்லிச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?"

ஆண்கள் சிரித்தார்கள். நெபோய்ஷா சிரிக்கலாமா கூடாதா என்று வுகோசாவாவின் முகத்தைப் பார்த்தான்.

"அந்தக் கணக்குல நீயும் நானும் ஒரே ரத்தம்" என்றார் ஓப்ராத். "நியாயமாப் பாத்தா ஒன் குலப் புனிதர் மிக்கேலே இல்ல, எங்க ஜார்ஜ்தான். இத்தனை வருஷமா தப்பான சாமிக்கு மெழுகுவர்த்தி ஏத்திக்கிட்டிருக்கே."

இதற்குத்தான் பெரிய சிரிப்பு எழுந்தது. வுகோசாவா தட்டை மேசையில் வைத்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். அவரு உள்ள வந்தப்ப ஸ்தாமென்கா என்ன சொன்னாளாம்?"

"அதுதான்மா இதுல தமாஷே. அவ நெசமாவே ராதோயேன்னு நம்பிட்டா. தாத்தா அவ குரல்லயே பேசிக் காட்டுவாரு." ஓப்ராத் குரலைக் கீச்சாக்கிக்கொண்டார். "ராதோயே, ஒனக்கு மெழுகுவர்த்தி ஏத்தினேன். கோதுமை அவிச்சுப் படைச்சேன். இன்னும் என்னய்யா குறை வெச்சேன், மண்ணுக்கே திரும்பிப் போயிடு, அப்படின்னு காலைப் புடிச்சிக்குவாளாம்."

சிரிக்க வாயெடுத்த ஒருவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். யாரோ முட்கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

வுகோசாவா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அந்த நாளில் யாரும் செய்யாத காரியம். 

அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஒரு பெண் தன் புருஷனின் பிணம் தன்மேல் படுப்பதாக நம்பிக்கொண்டு நடுங்கியிருக்கிறாள். ஆண்கள் சாராயம் காயும்வரை பொழுதுபோக அதைப் பேசிச் சிரித்திருக்கிறார்கள். அவள் நின்ற சன்னலருகே உட்கார்ந்துகொண்டு, அதைக் காதல் என்று எழுதியிருக்கிறேனே என்று நினைத்தபோது தன் மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்தாமென்கா சன்னலில் நின்றது உண்மைதான். அவன் வந்துவிடுவானோ என்று நின்றிருக்கிறாள்.

"மிச்சத்தையும் சொல்லுங்க" என்றது ஒரு குரல். லியூபிங்கா. தட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"என்ன மிச்சம்? கதை முடிஞ்சுது."

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து கேக்கறேன். ஒவ்வொரு தடவையும் இங்கதான் முடிப்பீங்க. கட்டையை யாரு அடிச்சான்னு சொல்லுங்க."

"ஏய், பேசாம சாப்பிடு."

லியூபிங்கா வுகோசாவாவின் பக்கம் திரும்பினாள். "என் மாமியார் சொன்னதும்மா. வயிறு தெரிய ஆரம்பிச்சதும் ஊர் கூடிச்சு. கறுப்புக் குதிரையைச் சமாதி மேல நடத்தினா, காட்டேரி கெடக்கற குழியைத் தாண்டாதுன்னு சொல்லுவாங்க இல்ல? அன்னிக்கு அந்தக் குதிரைக்குக் கடிவாளம் புடிச்சது இவங்க தாத்தா. ராதோயே சமாதிகிட்ட வந்ததும் இழுத்து நிறுத்திட்டாரு. குதிரை மிரளுதுன்னுட்டாங்க. தோண்டினாங்க. காட்டேரி மறுபடி எழாம இருக்க முள்மரக் கட்டையைச் சீவி அந்த மனுஷன் நெஞ்சுல அடிச்சதும் அவரே. வயித்துப் புள்ளையோட ஸ்தாமென்காவைக் குழியோரம் நிறுத்தி வெச்சுப் பாக்க வெச்சாங்க. அப்புறம் ராதோயேவைத் தூக்கி வேலிக்கு வெளியில பொதைச்சாங்க. அதோட கோயில்ல செத்தவங்க பேரைப் படிக்கறப்ப அவர் பேரைப் படிக்கறதே நின்னு போச்சு."

ஓப்ராத்தின் முகம் சிவந்தது. "அந்தக் காலத்துச் சமாச்சாரம். இப்ப எதுக்கு."

நெபோய்ஷா மட்டும் உற்சாகமாக முன்னால் நகர்ந்தான். "அக்கா, இது அபாரமான நாவல். அட்டையை மாத்தாம இதையே எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு, கடைசியில கொஞ்சம் சந்தேகத்தை விட்டுவைங்க. ஒருவேளை நெசமாவே காட்டேரிதானோன்னு. வாசகன் அதுக்காகத்தானே வாங்கறான்."

"சந்தேகமா?" என்றாள் வுகோசாவா. "நூறு வருஷமா சந்தேகத்தை வெச்சுத்தான்டா இந்த ஊர் அந்த மனுஷனைக் கொன்னுக்கிட்டிருக்கு. அந்த அட்டையைக் குடு." வாங்கி நாலாகக் கிழித்துச் சூப்புப் பாத்திரத்தில் போட்டாள். "நான் காட்டேரியோட கொள்ளுப்பேத்தின்னு இனிமே எவனாவது அச்சடிச்சா பெல்கிரேடுக்கே வந்து கேப்பேன். ஸ்தாமென்காவோட கொள்ளுப்பேத்தின்னு போடு."

ஓப்ராத் குரலை இறக்கினார். இப்போது அதில் தமாஷ் இல்லை. "வுகா, எழுதறதுன்னா எழுது. பேரைப் போடாதே. என் பேரப்புள்ளைங்க இங்க தலைகாட்ட வேணாமா? காட்டேரின்னே எழுதிட்டுப் போயேன். செத்தவனுக்கு என்ன நஷ்டம்?"

"காட்டேரின்னுதான் எழுதப்போறேன் மாமா. பேரு சிமெயுன், அப்பா பேரு இன்னது, வீடு இன்னதுன்னு போட்டு எழுதுவேன். எங்க தாத்தாவும் அப்பாவும் நானும் தலைகாட்டல? ஒங்க குடும்பமும் கொஞ்சம் காட்டிப் பழகட்டும்."

"சொந்த ரத்தத்தையே காட்டிக்குடுக்கறே."

"என் ரத்தம் யாருதா வேணா இருக்கட்டும். வீடு ராதோயேவோடது. திருநாள் ராதோயேவோடது. அவர் பேர்லதான் எங்க தாத்தா மெழுகுவர்த்தி ஏத்தினாரு. தப்பான சாமியாம். காலையிலேர்ந்து யாரு ரொட்டியை மாமா தின்னுக்கிட்டிருக்கீங்க?"

ஓப்ராத் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. "குலத் திருநாளும் அதுவுமா வீடு தேடி வந்தவனைத் துரத்தறியா?"

"துரத்தல. உட்காருங்க. எல்லாருக்கும் முன்னால இன்னொரு தடவை அவ குரல்ல பேசிக் காட்டுங்க."

அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சிரித்தவர்களும் அவரைப் பார்க்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

"லியூபிங்கா, கிளம்பு."

லியூபிங்கா ரொட்டித் துண்டு ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள். நாற்காலியை வுகோசாவாவின் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க போங்க" என்றாள். "நான் இன்னும் சொல்லி முடிக்கல."