ஒன்பது கட்டைவிரல்

நான்காம் மாடியில் கதவு திறந்த வேகத்தில் நர்ஸின் கையிலிருந்த படிவங்கள் பறந்து படிக்கட்டில் விழுந்தன. அது பன்னிரண்டாவது கதவு. அதற்கு முந்தைய பதினொன்றில் ஐந்து திறக்கவே இல்லை. உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது, ஆனால் ஆளில்லையாம். மூன்றில் கதவுச் சங்கிலிக்குப் பின்னால் ஒரு கண் மட்டும் வந்து போனது. இரண்டில் "வீட்டுக்காரர் வரட்டும்" என்றார்கள். மிச்சம் ஒரு வீட்டில் தரை துடைத்த தண்ணீர் நேராக அவள் காலில் வந்து விழுந்தது. தெரியாமல் கொட்டிவிட்டேன் என்றவள் சிரித்த சிரிப்பே சொல்லிற்று, எவ்வளவு தெரியாமல் என்று.

படிவத்தில் ஒரே ஒரு பெரிய கேள்வி. தடுப்பூசி மீது உங்களுக்கு எந்த அளவு நம்பிக்கை இருக்கிறது? கீழே ஐந்து முகங்கள், பல்லிளிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகம் வரை. விரலால் தொட்டுக் காட்டினால் போதும். இதை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த புண்ணியவான் ஒருநாளும் இந்தப் படிகளை ஏறியிருக்க மாட்டார். அதுவும் லிஃப்ட் கெட்டுப்போய் எட்டு மாதம் ஆன கட்டடத்தில்.

கதவைத் திறந்தவள் தையல்காரி. வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைப்பவள். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் இரண்டு குண்டூசி. அவற்றை எடுத்துக் கையிலிருந்த துணியில் குத்திவிட்டு, விழுந்த படிவங்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"இதுல நான் எந்த மூஞ்சியத் தொடணும்? செருப்பக் கழட்டுற மூஞ்சி ஒண்ணு போட்டிருக்கலாம்ல?"

"அக்கா, அஞ்சே நிமிஷம். சொல்றதக் கேட்டுட்டு..."

"கேட்டாச்சுங்க. ரெண்டாவது மாடி வாட்ச்மேன் புள்ள ஆஸ்பத்திரில கெடக்கான். உடம்பெல்லாம் தட்டம்மை. ஊசி போட்ட புள்ள! போட்டும் வந்துச்சுன்னா அந்த ஊசி எதுக்கு? கட்டடமே இதத்தான் பேசுது. போட்டவங்களே இப்ப அடுத்த ஊசி வேணாங்கிறாங்க."

நர்ஸ் குனிந்து தாள்களைப் பொறுக்கினாள். நிமிர வேண்டாம் போலிருந்தது.

"அது அவங்க பேச்சு," என்றாள் தையல்காரி. குரலைத் தாழ்த்தினாள். மரியாதையும் அதோடு சேர்ந்து இறங்கிவிட்டது. "எனக்கு வேற ஒரு சந்தேகம் இருக்கு. என் மகளுக்கு வெறும் மைய வெச்சுட்டுப் போனியே, அந்த மாதிரி எத்தன புள்ளைக்கு வெச்ச? வாட்ச்மேன் புள்ளயும் அதுல உண்டா?"

நர்ஸ் பொறுக்கிய தாள்களையே மறுபடி அடுக்கினாள். வாட்ச்மேன் பிள்ளையும் உண்டு.

போன வருடம் தட்டம்மைத் தடுப்பூசி முகாமின் கடைசி நாள். ஊசி போட்ட குழந்தைக்கு இடது கட்டைவிரல் நகத்தில் ஊதா மை வைப்பார்கள். வீடு வீடாகச் சரிபார்க்க வருகிறவர்கள் அட்டையைக்கூடக் கேட்க மாட்டார்கள், நகத்தைத்தான் பார்ப்பார்கள். இந்தக் கட்டடத்தில் நாற்பத்தொரு குழந்தைகள். முப்பத்திரண்டு பேருக்குப் போட்டாயிற்று. ஒன்பது வீடுகள் அசையவில்லை. அழுதார்கள், திட்டினார்கள், ஒருவர் குழந்தையைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தார். மேற்பார்வையாளர் போனில் அரை மணிக்கு ஒருதரம் கத்தினார். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பர்சன்ட் சார். பெற்ற பிள்ளையை விசாரித்தால்கூட நூற்றுக்கு இத்தனை என்றுதான் சொல்வார் போல, அப்படி ஒரு மனிதர். "நூறு வரலன்னா உங்க நிரந்தர ஆர்டர மறந்துடுங்க சிஸ்டர்" என்றார். ஏழு வருட ஒப்பந்த வேலை. நர்ஸுக்குக் கால் வலி, பசி, அவமானம். அப்போதுதான் வாட்ச்மேன் கெஞ்சினார். பள்ளிக்கூடத்தில் அட்டை கேட்கிறார்கள், ஊசி வேண்டாம், மையை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று. அவள் வைத்தாள். ஒருவருக்கு வைத்த கை ஒன்பது பேருக்கும் வைத்தது. மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டாள். பதிவேட்டில் நூறு ஏறியது.

அந்த ஒன்பதில் ஒருவன்தான் இப்போது ஆஸ்பத்திரியில். அவனை வைத்துத்தான் ஊரே ஊசி பொய் என்கிறது. பொய் எது என்று அவளுக்கு மட்டும் தெரியும். சரி, அவளுக்கும் வாட்ச்மேனுக்கும். இப்போது தையல்காரிக்கும்.

"பதில் சொல்லு."

"அக்கா, அன்னைக்கு நீங்கதான் வேணாம்னு..."

"ஆமா, நாந்தான் சொன்னேன். ஏன் சொன்னேன்னு கேட்டியா? பெரியவனுக்குப் போட்டப்ப கை வீங்கிச் சீழ் புடிச்சு மூணு வாரம் கத்துனான். தூக்கிட்டுப் போனா, டாக்டர் நிமிந்துகூடப் பாக்கல. 'நீங்க சுத்தமா வெச்சுக்கல'ன்னார். ஒரு வார்த்த, அச்சச்சோன்னு ஒரு வார்த்த சொல்ல அங்க ஆளில்ல. அதுக்கு இந்தத் தாள்ல எங்க மூஞ்சி இருக்கு?"

நர்ஸ் வாயைத் திறந்தாள். தையல்காரி விடவில்லை.

"ஊசி அவ்வளவு முக்கியம்னா நீ என்ன பண்ணியிருக்கணும்? நாலு நாள் என் வாசல்ல வந்து உக்காந்து சண்ட போட்டிருக்கணும். ஒரு சொட்டு மைய வெச்சுட்டு விறுவிறுன்னு எறங்கிப் போயிட்ட. அப்பவே முடிவு பண்ணேன். போடுறவளுக்கே இதுல நம்பிக்க இல்ல, எனக்கு எதுக்குன்னு."

கதவு அறைந்து மூடியது. நர்ஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருடத்தில் எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள். ஏசியதில் உண்மை இருந்தது இதுதான் முதல் தடவை. அழுகை வந்தது. அழுதால் அதற்கும் ஒரு கதவு திறந்து சிரிக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

பர்சன்ட் சாருக்குப் போன் போட்டாள்.

"சார், இந்தக் கட்டடத்துக்கு நாளைக்கு மருந்து அனுப்புங்க. ஊசி போடணும்."

"யாருக்கு? அங்கதான் நூறு இருக்கே."

"சார், அந்தப் பையனுக்குப் புள்ளி தெரியிறதுக்கு நாலு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிருக்கும். புள்ளைங்க எல்லாம் ஒரே படிக்கட்டுல வெளையாடுது..."

"போட்ட கட்டடத்துக்கு மறுபடி மருந்தா? மேல எனக்குச் சங்கு ஊதிடுவாங்க. இருக்குற மருந்து பக்கத்துத் தெருவுக்குப் போகுது. நீங்க நம்பிக்கைப் படிவத்த முடிங்க. திறக்காத வீட்டுக்கெல்லாம் ரெண்டாவது மூஞ்சியப் போட்டுக்கோங்க, லேசாச் சிரிக்குதே, அது. நாலு மணிக்குக் கூட்டம், நானே வந்து பேசுறேன். அப்புறம் சிஸ்டர், உங்க ஆர்டர் மேசைக்கு வந்தாச்சு. கையெழுத்துதான் பாக்கி."

எட்டுக் குழந்தைகள் ஊசி இல்லாமல் அந்தப் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தன. எட்டின் முகமும் அவளுக்குத் தெரியும். தையல்காரியின் மகளுக்கு மூன்று வயது. மை வைத்தபோது நகத்தைப் பார்த்து "அழகாருக்கு" என்று சொன்ன குழந்தை.

நான்கு மணிக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டம். போட்ட நாற்காலிகளில் பாதிக்குமேல் காலி. வந்தவர்களும் உட்காராமல் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். ஆஸ்பத்திரியிலிருக்கும் பிள்ளைக்கு மாற்றுத் துணி எடுக்க வந்த வாட்ச்மேன், தூணோரம் பையோடு நின்றார். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

பர்சன்ட் சார் தொண்டையைக் கனைத்தார். "இந்தக் கட்டடத்துல நூத்துக்கு நூறு பேர் தடுப்பூசி போட்டிருக்கீங்க. பெருமையா இருக்கு."

"அப்ப வாட்ச்மேன் புள்ள யாரு, நூத்தி ஒண்ணா?" என்றார் மூன்றாம் மாடி டாக்சிக்காரர்.

கொல்லென்று சிரிப்பு. நல்ல சிரிப்பில்லை.

"யார் காதுல பூ சுத்துறீங்க? போட்ட புள்ளைக்கு வந்திருக்கு, நீங்க பெருமைங்கிறீங்க!"

"லட்சத்துல ஒருத்தருக்கு அப்படி..." என்று சார் ஆரம்பித்தார்.

"அந்த லட்சத்துல ஒண்ணு எங்க கட்டடத்துக்குத்தான் வழி கேட்டு வந்துச்சாக்கும்!"

ஒருவர் நாற்காலியை உதைத்தார். பின்னாலிருந்து யாரோ, "மொதல்ல இவங்க புள்ளைங்களுக்குப் போட்டாங்களான்னு கேளு" என்று கத்தினார்கள். தையல்காரி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி அருகே நின்றாள். கத்தவில்லை. நர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நூறு இல்ல. இந்தக் கட்டடத்துல ஒம்பது புள்ளைக்கு நான் ஊசி போடல. மை மட்டும் வெச்சேன்."

"சிஸ்டர், உக்காருங்க," என்றார் சார், பல்லைக் கடித்து.

"ஒம்பது அட்டையிலயும் பொய்க் கையெழுத்துப் போட்டேன். மருந்தத் தொட்டியில ஊத்துனேன். யாரு எவருன்னு இங்க சொல்ல மாட்டேன். அவங்கவங்களுக்குத் தெரியும். அவங்க வேணாம்னது அவங்க பயம். மை வெச்சது என் தப்பு."

எல்லாத் தலைகளும் தூண் பக்கம் திரும்பின. வாட்ச்மேன் பையை இறுக்கிக்கொண்டார்.

"ஏங்க, உங்க புள்ளைக்குப் போட்டுச்சா இல்லையா?" என்றார் டாக்சிக்காரர்.

"போடல." குரல் வெளியே வரவே இல்லை. அவரே இன்னொரு தரம் சொன்னார். "போடல. அட்டைக்காக நாந்தான் கெஞ்சுனேன். ஆஸ்பத்திரில டாக்டர் அட்டையப் பாத்துட்டு, போட்டும் எப்படி வந்துச்சுன்னு மண்டையப் பிச்சுக்கிறாரு. எனக்குச் சொல்ல வாய் வரல."

அதற்குப் பிறகு எழுந்த கூச்சலில் யார் என்ன பேசினார்கள் என்றே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் ஊர் மாலை போடும் என்று நினைப்பவர்கள் அன்று அங்கே வந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு செருப்பு பறந்து வந்து மேசைமேல் விழுந்தது. "திருட்டு நாயே" என்றாள் காலில் தண்ணீர் கொட்டியவள். "அட்டையும் பொய், ஊசியும் பொய்!" என்று ஒரு குரல் எழுந்தது.

"ஊசி பொய் இல்ல!" நர்ஸும் கத்தினாள். அவளுக்கும் கோபம் வரும்தானே. "பொய் சொன்னது நான். என்னத் திட்டுங்க, வேலைய விட்டுத் தூக்குங்க. ஊசி போட்ட முப்பத்திரெண்டு புள்ளைங்களும் அதே படிக்கட்டுலதான் வெளையாடுது, ஒண்ணுக்காவது வந்துச்சா? போடாததுக்குத்தான் வந்திருக்கு. இன்னும் எட்டு பாக்கி இருக்கு!"

பர்சன்ட் சார் அவளைக் காருக்குள் தள்ளாத குறையாகக் கூட்டிப் போனார். அலுவலக வாசலில் சொன்னார். "உங்க தலைல நீங்களே மண்ண அள்ளிப் போட்டீங்க. என் தலைலயும் போட்டீங்க." அவளைத் தற்காலிகமாக நீக்கிய உத்தரவு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. நிரந்தர ஆர்டருக்குப் பிடித்த ஏழு வருடத்தை நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த உத்தரவோடு இன்னொன்றும் வந்தது. கட்டடத்துக்கு மறுநாள் மருந்து அனுப்ப உத்தரவு. பதிவேட்டில் இப்போது நூறு இல்லையே.

மறுநாள் காலை அதே இடத்தில் மேசை, ஐஸ் பெட்டி, ஒரு புது நர்ஸ். சின்னப் பெண், பளிச்சென்று இஸ்திரி போட்ட சட்டை. பழையவள் பதிவேட்டையும் அலமாரிச் சாவியையும் ஒப்படைக்க வந்திருந்தாள். ஒப்படைத்துவிட்டாள். ஆனாலும் போகக் கால் வரவில்லை. ஒன்பதரை ஆயிற்று, பத்தரை ஆயிற்று. ஒரு குழந்தையும் இறங்கி வரவில்லை. எல்லா மாடி வராந்தாக்களிலும் தலைகள் மட்டும் தெரிந்தன, வேடிக்கை பார்க்க.

பதினொரு மணிக்குத் தையல்காரி இறங்கி வந்தாள். இடுப்பில் மகள். புது நர்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகப் பழையவளிடம் வந்தாள்.

"நீ போடு."

"நான் போடக் கூடாதுக்கா. என்ன வேலைல இருந்து நிறுத்திட்டாங்க."

"நல்லாருக்கே கத! பொய் சொன்னப்ப வேலைல இருந்த. நெசத்தச் சொன்னதும் இல்லையா?"

"அந்தப் பொண்ணு நல்லாப் போடுவாக்கா."

"அவ யாரு எவன்னு எனக்குத் தெரியாது." தையல்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு மகளை அவள் கையில் திணித்தாள். "அப்ப புள்ளைய நீ புடி. நான் ஊசியப் பாக்கணும். உன்ன மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனைச்சுக்காத."

"நெனைக்கலக்கா. பெரியவனுக்குச் சீழ் புடிச்சப்ப எவ்வளவு துடிச்சிருப்பான். அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்."

தையல்காரி முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டாள்.

நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் இருத்தினாள். புது நர்ஸ் புட்டியை எடுத்தாள். தையல்காரி அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், ஊசி உறை பிரிப்பதைப் பார்த்தாள், மருந்து ஏறுவதைப் பார்த்தாள், சின்னக் கைக்குள் அது இறங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். குழந்தை வீல் என்று கத்தி நர்ஸின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டது. அவள் வாங்கிக்கொண்டாள்.

புது நர்ஸ் மைப் பேனாவின் மூடியைத் திறந்தாள். தையல்காரி மகளின் கட்டைவிரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"மை வேணாம். போட்டத நானே பாத்தேன்."

"அப்படியில்லம்மா, சரிபாக்க வருவாங்க..."

"வரட்டும். என்ன வந்து கேக்கச் சொல்லு."

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அர மணி நேரம் இங்கயே இருக்கணுமாமே?" என்று பழையவளிடம் கேட்டாள். "நீயும் எங்கயும் போகாத. ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னத்தான் புடிப்பேன்."

"சரிக்கா."

மேலே வராந்தாக்களில் நின்றவர்களில் ஒருவரும் உள்ளே போகவில்லை. அவர்களும் கீழே பார்த்தபடி நின்றார்கள். அழுது ஓய்ந்த குழந்தை நர்ஸின் மடியிலேயே சாய்ந்துகொண்டது. இருபது நிமிடம் ஆனபோது மாடிப்படியில் இன்னொரு செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. நர்ஸ் எழுந்திருக்கவில்லை. அரை மணியில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது.