மஞ்சள் கடுதாசியும் மஞ்சள் துணியும்

என் பெயர் உதயசூரியன். இப்படிப் பெயரை வைத்துக்கொண்டு சூரியத் தகட்டை நம்பாத ஆள் ரங்கூனில் நான் ஒருவன்தான். கரண்டு போய்ப் போய் வந்தபோது, தகடு வாங்கி விற்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதாலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடன் வாங்கி நாலு டீசல் ஜெனரேட்டர் இறக்கினேன். பிறகு டீசலுக்கு வரிசையில் நின்ற ஊர், கூரையில் தகடு ஏற்றியது. நாலும் பசுந்தாங் பேட்டையில் இருக்கும் என் லேத்துப் பட்டறையில் குத்துக்கல்லாக உட்கார்ந்துவிட்டன.

கடன் கொடுத்தவர்கள் இரும்புக்கடை இக்பால் பாயும் மாவு மில் பவுனம்மாளும். லேத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் எழுபத்திரண்டு வயதில் எனக்குச் சோற்றுக்கு வழியில்லை. முன்பு ஒரு தடவை மஞ்சள் கடுதாசி கொடுத்துத் திவாலானவன்தான் நான். அன்று கோர்ட்டுக்குப் போட்ட அதே பட்டுச் சட்டையோடு வக்கீல் ஹன்னாவிடம் போனேன். பர்மாக்காரர்கள் மாமாவைக் கூப்பிடுவதுபோல என்னை ஊலே என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன ஊலே, கல்யாண வீடா?"

"மறுபடியும் மஞ்சள் கடுதாசி கொடுக்கணும்."

"போன வழக்கு முடிஞ்சே ஒரு வருஷம்தான் ஆகுது. உடனே இன்னொன்னு போட முடியாது. இடையில வருஷக்கணக்கா விடணும்."

"செத்தவனுக்கே பதினாறு நாள்ல தீட்டு போயிடுதே!"

"இது அதவிடப் பெருசு. வேற வழி இருக்கு. ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசுங்க. வட்டிய விடச் சொல்லுங்க, ஜெனரேட்டர வந்த விலைக்குத் தள்ளுங்க, மிச்சத்த மாசாமாசம் கட்டுறேன்னு எழுதிக் கொடுங்க. இதுக்கு எனக்கு பீஸ் வேணாம்."

பீஸ் வேண்டாம் என்கிற வக்கீலை எப்படி நம்புவது? பாய் ஏதோ கொடுத்திருப்பார் என்று முடிவு கட்டினேன். பட்டறைக்கு வந்து லேத்தின் பிடியை, சக்கு என்பார்கள், கழற்றினேன். இரும்பைக் கவ்விப் பிடிப்பது அதுதான். அது இல்லாத லேத்தை எவனும் தூக்கமாட்டான். பத்து வீசை கனம். மஞ்சள் துணியில் முடிந்து, அம்மன் கோயிலில் வேண்டுதல் மூட்டைகளோடு வைத்துவிட்டு வந்தேன். மஞ்சளில் முடிந்ததை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பாயும் பவுனம்மாளும் தாங்களாகவே பட்டறைக்குப் பேச வந்தார்கள். பாயின் தோளில் ஒரு இரும்புத் தண்டு.

"அண்ணே, மச்சான் படகுத் தண்டு. நாளைக்குப் படகு இறங்கணும். கடைஞ்சு கொடுங்க, கூலிய கடன்ல கழிச்சுக்குவோம். மாசம் நாலு வேலை நானே கொண்டாறேன். லேத்து ஓடினாத்தானே எங்க காசு வரும்?"

"லேத்து ரிப்பேர் பாய்."

பாய் குனிந்து பார்த்தார். "சக்கு எங்கண்ணே?"

பவுனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆத்தா காலடியில இரும்பு முடிஞ்சு வச்ச மகராசன் நீங்கதானா? தூக்கிப் பெருக்க முடியாம மூணு நாளா சுத்திப் பெருக்குறேன்."

கோயில் பொறுப்பு அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது. மூட்டை வைக்கப் போனதற்கு முன் ஆறு வருடம் கோயிலுக்குள் கால் வைக்கவில்லையே!

மூன்று பேரும் கோயிலுக்கு நடந்தோம். மூட்டையில் கை வைத்தேன்.

"நில்லுங்கண்ணே. என்ன வேண்டி முடிஞ்சீங்களோ, அத நிறைவேத்துறேன்னு கற்பூரம் அணைச்சிட்டு எடுங்க," என்றாள் பவுனம்மாள்.

"நான் ஒண்ணும் வேண்டலையே."

"அப்ப இப்ப வேண்டுங்க. ரெண்டு பேரு கடனையும் அடைக்கிறேன்னு சொல்லுங்க."

அம்மன் முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குள் தண்டைக் கடையாவிட்டால் அந்த வேலையும் போய்விடும். முணுமுணுத்தேன்.

"சத்தமாச் சொல்லச் சொல்லுங்கக்கா," என்று வாசலிலிருந்து பாய் கத்தினார். "இங்க கேக்கல!"

தெருவுக்கே கேட்கும்படி சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். பாய் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக மூட்டையைத் தூக்கி வந்தோம். விடிவதற்குள் தண்டு தயார்.

மறுநாள் ஒப்பந்தம் எழுத ஹன்னாவிடம் போனேன்.

"பிள்ளே, ஆத்தாகிட்ட மஞ்சள் கடுதாசி கொடுக்கணும்னா எத்தனை வருஷம் விடணும்?"

"நான் மாதா கோயில் ஆளு ஊலே, அந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடுங்க."

வலது உள்ளங்கையெல்லாம் கொப்பளம். பேனாவை இடது கைக்கு மாற்றினேன்.

"சோத்துக் கையால போடுங்க," என்றாள். மனுஷனை நம்பாத பிள்ளை.