தீயணைப்பு வண்டி ஓட்டுநர் ஓடிய கதை

தீயணைப்பு நிலையத்தின் பெரிய வண்டியை இருபது வருடமாக ஓட்டிவந்தவருக்கு எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மான் மாதிரி ஓடியவர்தான். அதற்குப் பிறகு வண்டி ஓடியது, அவர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த இடத்திலேயே வயிறு கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டது. அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

புதிதாக வந்த அதிகாரி ஒரே ஒரு உத்தரவு போட்டார். ஆயிரத்து அறுநூறு மீட்டரைப் பத்து நிமிடத்துக்குள் ஓடி முடிப்பவர் கையில்தான் வண்டிச் சாவி இருக்கும். முடியாதவருக்குக் கிடங்கில் குழாய்களைக் காயவைத்துச் சுருட்டும் வேலை. ஒரு மாதம் அவகாசம்.

அந்த வண்டி ஓட்டுநருக்கு உயிர். வீட்டில் சண்டை வந்தால்கூட அதில் ஏறி உட்கார்ந்துதான் மனசை ஆற்றிக்கொள்வார்.

மறுநாள் விடிந்ததும் பழைய கால்சட்டையில் தன்னைத் திணித்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். ஓட்டம் என்று அவர்தான் சொல்லிக்கொண்டார். நூறு அடி போவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. தீயணைப்புக்காரர் ஒருவர் தலைதெறிக்க ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அந்த மனுஷன் யோசித்தாரா? யோசிக்கவில்லை.

“எங்க சார் நெருப்பு?” என்று பதறினார் பால்காரர்.

ஓட்டுநரிடம் பதில் இருந்தது, மூச்சு இல்லை. ஒன்றுமில்லை என்று கையை வீசினார். கை வீசிய பக்கம் தையற்கடை இருந்தது. அவ்வளவுதான், வாளியும் கையுமாகத் தெருவே அவரை முந்திக்கொண்டு ஓடி, ஜன்னல் வழியாக முப்பது வாளித் தண்ணீரை உள்ளே கொட்டிவிட்டது. உள்ளே ஒரு கல்யாணத்துக்குத் தைத்த பதினொரு கோட்டுகள் தொங்கின. கோட்டுகளுக்குக் கீழே தையற்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

“நாளையிலிருந்து இதைக் குத்திக்கிட்டுப் போங்க” என்று ஓட்டுநரின் மனைவி ஒரு துணியில் ‘நெருப்பு இல்லை’ என்று எழுதிக் கொடுத்தாள். அதைப் படித்த தெருக்காரர்கள், “இவங்களே எழுதிப் போட்டிருக்காங்கன்னா எங்கேயோ நல்லாவே எரியுது” என்று கலவரமானார்கள். துணியைக் கழற்றிய பிறகுதான் அடங்கினார்கள்.

தையற்காரர் மட்டும் அடங்கவில்லை. தினமும் விடிகாலையில் வாசலில் காத்திருந்து, “யோவ், நில்லுய்யா!” என்று பிடித்துக்கொள்வார். ஓட்டுநரால் நிற்க முடியாது, நின்றால் மறுபடி கிளம்ப முடியாது. அதனால் தையற்காரர் பக்கத்தில் ஓடிக்கொண்டே திட்டினார். முதல் வாரம் திட்டும் ஓட்டமும் விளக்குக் கம்பத்தோடு முடிந்தன. ஓட்டுநரின் தூரம் கூடக்கூடத் தையற்காரருக்குத் திட்டு போதவில்லை. இருபதாம் நாள் விஷயமே தீர்ந்துபோய்த் தன் மாமியாரையும் சேர்த்துத் திட்டினார்.

தேர்வு நாளில் தையற்காரர் மைதானத்துக்கும் வந்துவிட்டார். பாக்கி இருந்த திட்டையெல்லாம் திட்டிக்கொண்டே கூட ஓடினார். சுருதி ஏறியதில் ஓட்டுநரை விட்டுவிட்டு முன்னால் போய், எட்டு நிமிடம் நாற்பது நொடியில் முடிவுக்கோட்டைத் தாண்டினார். ஓட்டுநர் வந்து விழுந்தபோது பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

அதிகாரி தன் உத்தரவை இரண்டு தடவை படித்தார். பிறகு சாவியைத் தையற்காரரிடம் நீட்டினார்.

“சார், நான் துணி தைக்கிறவன்!”

“பத்து நிமிஷத்துக்குள்ள ஓடினீங்களா, இல்லையா?”

“ஓடினேன். ஆனா தையல் மெஷினைத் தவிர எனக்கு எதையும் ஓட்டத் தெரியாதே!”

“அதுலயும் பெடல்தானே.”

ஓட்டுநர் கிடங்குக்குப் போய், ஈரக் குழாய் ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அரைமணி நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. ஊர்க்கோடியில் ரொட்டிக்கடைக்குப் பின்னால் விறகுக் குவியல் பற்றிக்கொண்டதாம். வாசலில் கியர் போட்ட அலறல் ஓட்டுநரின் காதில் விழுந்தது. பெற்ற பிள்ளையை யாரோ அடிக்கிற மாதிரி துடித்து எழுந்து வெளியே ஓடினார். வண்டி முதல் கியரில் முக்கிக்கொண்டு தெருவில் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் வழி தையற்காரருக்குத் தெரியவில்லை.

“சார், நான் ஏறிக்கறேன்!” என்று கத்தினார் ஓட்டுநர்.

பக்கத்து இருக்கையிலிருந்து அதிகாரி எட்டிப் பார்த்தார். “ஏறக்கூடாது. வெளியே இருந்து சொல்லிக்கொடுக்கலாம். அதுக்குத் தடை இல்லை.”

ஓட்டுநர் கதவோரமாகவே ஓடினார். “லெஃப்ட்ல ஒடிங்க! இன்னும்! அய்யோ, அது வைப்பர்! சைரனைப் போடுங்க! நாய், நாய்!” மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. மார்க்கெட் போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று, பாலமும் ஏறி இறங்கியாயிற்று. தையற்காரர் முதல் முறையாக வாய்திறக்காமல், சொன்னதையெல்லாம் கேட்டார்.

அதிகாரி வண்டியின் மீட்டரையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று கையை உயர்த்தினார்.

“நீங்க ஓட ஆரம்பிச்சதுல இருந்து ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஆச்சு. ஒன்பது நிமிஷம் அம்பத்தெட்டு செகண்ட். பாஸ். ஏறுங்க.”

“நடுவுல இருக்கிறதை மிதிங்க!” என்றார் ஓட்டுநர். வண்டி குலுங்கி நின்றது. தையற்காரர் குதித்து இறங்கி, இரண்டு கையாலும் அவரை மேலே தள்ளிவிட்டார்.

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“கண்ணைத் தொடைங்க” என்றார் அதிகாரி.

“கை ரெண்டும் வேலையா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு, அவர் இரண்டாவது கியருக்கு மாற்றினார்.