பூசாத முழம்

காத்தூன் சந்தைப் பையைக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே எதிர்ச் சுவரைப் பார்த்தாள். காலையில் கிளம்பும்போது அங்கே வெற்றுக் கல் தெரிந்தது. இப்போது சுவர் முழுக்க ஒரே வெள்ளை. கிட்டே போய் விரலால் தொட்டாள். ஈரம்.

வாசலுக்கு நேரே ஒரு முழம் அகலம், ஒரு முழம் உயரம் மட்டும் சுண்ணாம்பு பூசாமல் விட்டுத்தான் இந்த வீட்டைக் கட்டினார்கள். ஜெருசலேமில் எப்போதோ இடிந்துபோன யூத ஆலயத்துக்கான துக்கம் அது. குர்திஸ்தானில், ஜாக்கோவில் அவள் பிறந்த வீட்டிலும் அந்தக் குறை இருந்தது. ஜெருசலேமுக்கு வந்த பிறகும் இருந்தது. அதை மூடினால் கெட்டது நடக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஆனால் சண்டை நின்றும், அதற்குப் போன மகன் நஹூமிடமிருந்து ஒரு வரிகூட வராத இந்த நாட்களில், யாரும் சொல்லாமலே அவளுக்கு அது தெரிந்தது.

"ஃபானி!"

"இதோ வரேன் அத்தை." மருமகள் அடுக்களையிலிருந்து வந்தாள். ஒரு கை ஏப்ரன் பைக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.

"யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலையே."

"மாமா எங்க?"

"ரேடியோ கேக்கணும்னு கீழ போனாரு."

காத்தூன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். நகக்கண்ணில் வெள்ளை. சட்டைக் கையிலும் வெள்ளை. மாவு என்று சொல்வாளோ? கேட்டுவிடக் கூடாது, பொய்க்கு இடம் கொடுத்ததாகிவிடும். தக்காளியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அங்கே தக்காளி அரிகிற கத்தியைக் காணோம்.

இந்தப் பெண்ணை நஹூம் கூட்டிவந்த நாளிலிருந்தே அவளுக்குள் ஒரு முள். ரொட்டி இருக்கச் சோளக்களி கிண்டி வைக்கிறவள். தங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றுகூடத் தெரியாதவள். கல்யாணமான முதல் வாரம் அந்த வெற்றுக் கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அவளுக்கு அந்தக் கல் பிடிக்கவில்லை என்று காத்தூன் அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள். இப்போது புருஷன் ஊரில் இல்லை. மாமனார் கட்டிலுக்கடியில் அவருடைய கொத்துவேலைக் கரணையும் மட்டப்பலகையும் கிடக்கின்றன. மாமியார் சந்தைக்குப் போகிற நேரமும் தெரியும். வேறென்ன வேண்டும்?

"பையில என்ன?"

காத்தூன், பின்னாலேயே வந்திருந்த ஃபானியின் ஏப்ரன் பைக்குள் இருந்த கையைப் பிடித்து இழுத்தாள். கத்தி. நுனியில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

"என் புள்ள வர்றதுக்குள்ள வீட்ட உன் இஷ்டத்துக்கு மாத்திடலாம்னு பாத்தியா? ரொமேனியா மகாராணிக்கு அது அழுக்கா தெரிஞ்சுதோ?"

"நான் பூசல அத்தை."

"அப்ப சுவரே பூசிக்கிச்சாக்கும்."

ஃபானி முன்னறைக்குப் போய்ச் சுவரின் ஓரமாகக் குந்தினாள். கீழ்மூலையைக் காட்டினாள். விரல் அகலத்துக்குக் கீறல்கள், அவற்றின் அடியில் கல்லின் சாம்பல் நிறம். வந்த வேகத்தில் காத்தூன் அதைக் கவனிக்கவில்லை.

"நீங்க வர்றதுக்குள்ள எடுத்துடணும்னு பாத்தேன். கை வேகம் பத்தல."

"நீ எதுக்கு எடுக்கணும்?"

"ரொமேனியாவுல, யாஷில எங்க வீட்லயும் இது இருந்துச்சு அத்தை. சாப்பாட்டு ரூமுல. யூதருன்னு எங்கள வெளிய தள்ளிட்டு வேற ஆளுங்க குடிவந்தாங்க. அப்ப நடந்த பெரிய சண்டை முடிஞ்சதும் அம்மாவும் நானும் போய் ஜன்னல் வழியா பாத்தோம். எங்க அலமாரி அப்படியே இருந்துச்சு, மேஜ அப்படியே இருந்துச்சு. அந்த எடத்த மட்டும் பூசிட்டாங்க." கொஞ்ச நேரம் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "அப்பாவ கூட்டிட்டுப் போயிருந்தாங்க. அவரும் அப்புறம் வரவே இல்ல."

காத்தூன் உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். ஒரு மேடு இல்லை, கரணைத் தடம் இல்லை, பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேருமிடம்கூடத் தெரியவில்லை. கத்தி பிடிக்கத் தெரியாத இந்தப் பெண்ணின் கையா இது? தன்னைக் கல்யாணம் செய்த நாள் முதல் ஊரார் சுவர்களையெல்லாம் வழுவழுப்பாக்கிய கை அல்லவா!

அவள் புருஷன் ஸகாரியா கையில் எள்ளு ரொட்டி வளையங்களோடு படியேறி வந்தார். புருவத்தில் ஒரு துளிச் சுண்ணாம்பு. பண்டிகையன்று ஊரோடு நடந்துபோய், இந்தச் சண்டையில் கைக்கு வந்த, அந்த ஆலயத்தின் மிச்சமான மேற்குச் சுவரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இப்போது முகம் கல்யாண மாப்பிள்ளைபோல் இருந்தது.

"எப்படி இருக்கு?"

"நீங்களா?"

"வேற எவன் இப்படிப் பூசுவான்? அடியே, நான் அந்தச் சுவரத் தொட்டேன். இந்தக் கையால. எங்கப்பனும் அவங்கப்பனும் வாயால சொல்லிச் சொல்லியே செத்தாங்க. இன்னும் எதுக்குத் துக்கம்? வந்து சேந்துட்டோம்டி."

"யாரு வந்து சேந்தா? என் நஹூம் வந்தானா?"

ரொட்டி வளையங்கள் அவர் விரலிலேயே தொங்கின.

"நீயாவது தடுத்திருக்கலாமேம்மா," என்றாள் காத்தூன், மருமகளைப் பார்க்காமல்.

"மாமா அழுதுகிட்டே பூசினாரு அத்தை. நான் என்னன்னு தடுக்கிறது?"

ஸகாரியா ரொட்டியை மேஜையில் வைத்தார். ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் கொண்டுவந்து, தான் பூசியதைத் தானே நனைக்கத் தொடங்கினார். காத்தூன் அடுக்களைக்குப் போய் வெள்ளிக்கிழமை ரொட்டி அறுக்கிற நல்ல கத்தியை எடுத்துவந்து ஃபானியிடம் நீட்டினாள். தனக்கு ஒரு கரண்டி போதும் என்றாள்.

மூன்று பேரும் சுரண்டினார்கள். புதுப் பூச்சு பாளம்பாளமாக விழுந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு பழைய பூச்சும் ஓரங்களில் பெயர்ந்து வந்தது. முடித்துப் பார்த்தபோது அந்தச் சதுரம் இப்போது சதுரமாகவே இல்லை.

"முன்ன இருந்தத விடப் பெருசாயிடுச்சே அத்தை."

ஸகாரியா கரணைக்காகக் குனிந்தார். காத்தூன் அவர் தோளைத் தொட்டாள்.

"இருக்கட்டும் விடுங்க."

தரையெல்லாம் வெண்பொடி. அதைக் கூட்டவும் யாருக்கும் தோன்றவில்லை. திறந்திருந்த கதவு வழியாக வெயில் உள்ளே வந்து, நேராக அந்த ஈரக் கல்லின் மேல் விழுந்துகொண்டிருந்தது.