கடைசி வயலுக்குத் தண்ணீர் கேட்டவள்

முரசுமோட்டைக் கமக்காரர் கூட்டத்தில் சுதர்சினி போன மாதம் எழுந்து நின்றாள். எல்லா முகங்களும் ஒரேயடியாகத் திரும்பியதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஒண்டுமில்லை" என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் வயல் வைத்திருந்தவர்கள் மடையைத் திறந்தபடியே விட்டிருந்தார்கள். கடைசியில் இருந்த அவளுடைய, கோடையில் விதைத்த சிறுபோக நெல் வாடத் தொடங்கியது.

அடுத்த கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் அவள் அலுமாரியைக் கிளறி ஒரு பழைய தன்னம்பிக்கைப் புத்தகத்தை எடுத்தாள். உயர்தரம் படிக்கையில் வாங்கியது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் உடுப்புப் பையோடு அலைந்து, நனைந்து காய்ந்து ஊதிப்போயிருந்தது. அந்த வயதில் கோடு போட்டு வைத்ததெல்லாம் சிகரம், சாதனை என்ற பெரிய வசனங்கள். இப்போது அவை சிரிப்பைத்தான் மூட்டின. கோடு போடாத ஒரு வரியில் கண் நின்றது: 'கூட்டத்தோடு பேசாதே, அதற்குள் ஒருவரோடு பேசு.'

"என்னப்பா, திரும்பவும் சோதினை எடுக்கப் போறீரோ?" என்றான் கணவன் யோகலிங்கம்.

"நாளைக்குக் கதைக்கப் போறன். அப்புத்துரை அண்ணையோட மட்டும்."

முதல் வயல் அப்புத்துரையுடையது. அவர் சரி என்றால் ஊரும் சரி என்னும்.

மறுநாள் கூட்டத்தில் அவள் மறுபடி எழுந்து நின்றாள். அப்புத்துரையை மட்டும் பார்த்தாள்.

"அண்ணை, உங்கட வயலில வரம்பு முட்டத் தண்ணி நிக்குது. எங்கட நிலம் வெடிச்சுப் போச்சு. முறை வைச்சு விடுவம். இந்தமுறை கடைசியில இருந்து தொடங்குவம்."

"அதெல்லாம் சரிவராது!" பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவள் திரும்பவில்லை. "நீங்கள் சொல்லுங்கோ அண்ணை."

அப்புத்துரை துவாயால் முகத்தைத் துடைத்தார். "இவ்வளவு நாளும் ஒருத்தரும் என்னட்ட நேர கேக்கேல்லை, பிள்ளை. நான் பாட்டுக்குத் திறந்து விட்டிருந்தனான். விடிய நானே என்ர மடையைப் பூட்டுறன்."

முதலில் அவருடைய கை உயர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றக் கைகள்.

காலையில் தண்ணீர் வந்தது. சருகையும் வைக்கோலையும் தள்ளிக்கொண்டு, வெடித்த நிலம் மடமடவென்று குடிக்கக் குடிக்க வந்தது. யோகலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்கு முன்னால் ஓடினான். சுதர்சினி மண்வெட்டியால் வரம்பை வெட்டிவிட்டாள். கணுக்கால்வரை தண்ணீர் ஏறியது.

பக்கத்து வயல் சிவனேஸ்வரி வாய்க்காலுக்குள் இறங்கி நின்று கத்தினாள்: "அடுத்த கிழமை கண்டாவளையில எல்லா ஊர்க் கமக்காரருக்கும் பெரிய கூட்டம் இருக்கு! எங்களுக்காக நீதான் கதைக்கோணும்!"

"ஓம்! வாறன்!" என்று சுதர்சினி வயல்வெளி முழுக்கக் கேட்கக் கத்தினாள்.