புள்ளி எடுத்த சூரியன்

கரும்புள்ளி ஒன்றுகூட இல்லாத சூரியனைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விழுப்புரத்தில் மாவட்ட அறிவியல் கண்காட்சி. நடுவர் இரண்டு மேசை தள்ளி நிற்கிறார். நாங்கள் அப்போதுதான் பேனரை விரித்தோம். புற ஊதாக் கதிரில் சூரியனைத் தரையிலிருந்து படமெடுக்க முடியாது, காற்று மண்டலம் விடாது. விண்வெளியிலிருந்து ஆதித்யா விண்கலம் எடுத்த படங்களை வைத்து, கரும்புள்ளிகள் நாளுக்கு நாள் நகர்வதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் என் மாணவி அருணா. இதில் தேர்வானால்தான் மாநிலப் போட்டி. பேனரிலோ சூரியன், சவரம் செய்த மாப்பிள்ளை முகம் போல மழமழவென்று இருந்தது.

திண்டிவனத்தில் பேனர் அடித்த பிரவீன்குமாருக்குப் போன் போட்டேன்.

"ஒரே புள்ளியா இருந்திச்சி மேடம். நான்தான் உக்காந்துக்கினு ஒண்ணொண்ணா எடுத்தேன். கண்ணீர் அஞ்சலி பேனர்லயே மூஞ்சிப் புள்ளிய எடுத்துடுவோம். செத்தவங்களுக்கே எடுக்கிறோம், சூரியனுக்கு எடுக்க மாட்டமா?"

"அறிவிருக்காய்யா உனக்கு? அந்தப் புள்ளிதான்யா ப்ராஜெக்டே!"

நான் கத்திய கத்தலில் மொத்த ஹாலும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். போனை வெட்டினேன்.

அருணா கத்தவில்லை. மார்க்கரை எடுத்து, நினைவிலிருந்தே ஒவ்வொரு புள்ளியாகச் சூரியன்மேல் வைத்தாள்.

நடுவர் வந்தார். "என்னம்மா, கையால வெச்சிருக்க?"

"எந்தப் புள்ளி என்னிக்கு எங்க இருந்திச்சின்னு கேளுங்க சார், சொல்றேன்."

கேட்டார். தடுமாறாமல் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. "மாநிலத்துக்கு அனுப்பலாம்," என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பிறகு பேனரின் மூலையில் இருந்த போட்டோவைக் காட்டி, "இது யாரு, உங்க அக்காவா?" என்று கேட்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். யாரோ ஒரு வெள்ளைவெளேர்ப் பெண்.

"நான்தான் சார்," என்றாள் அருணா. அத்தனை நேரம் நிமிர்ந்து பேசியவள் தலை குனிந்துவிட்டாள்.

அவர் நகர்ந்ததும் மறுபடி பிரவீன்குமாருக்குப் போன் போட்டேன். "புள்ள மூஞ்சிய எதுக்குடா தொட்ட? அதுவும் உனக்கு அழுக்காத் தெரிஞ்சுதா?"

"அய்யோ, அது நானா பண்ணல மேடம். பேனர் ஆர்டர் குடுக்க வந்த அவங்க அம்மாதான் கேட்டாங்க, புள்ளயக் கொஞ்சம் செவப்பா போட்டுக் குடு தம்பின்னு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. திட்டுவதற்கு வாய் திறந்தேன், யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியும் மிஸ்," என்றாள் அருணா. "நானும் கூடத்தான் போயிருந்தேன்."