அரிசி போடாத மகள்

அம்மாவைக் கடைசியாக ஒருமுறை நான் குளிப்பாட்ட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். சொத்துக் கேட்டும் போகவில்லை, உறவு கொண்டாடவும் போகவில்லை.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் அம்மா கிடந்த நாளெல்லாம் பீத்துணி அலசியது நான். தலைக்கு ஊற்றித் துவட்டியதும் நான்தான். அண்ணன் மருதுபாண்டி எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பான். மிளகாய்க் காட்டில் வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிடுவான். அப்போதெல்லாம் என் பர்தா யார் கண்ணையும் உறுத்தவில்லை. அம்மாவின் மூச்சு நின்றதும் நான் வேற்று மதத்துக்காரி ஆகிவிட்டேன்.

திருச்சுழி தாண்டி எங்கள் ஊரில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டிக்குள் அம்மாவை வைத்திருந்தார்கள். நானும் என் கணவர் சபீரும் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு குடத்தைத் தூக்கினேன். அண்ணன் வந்து நிறுத்தினான்.

"குளிப்பாட்டுற மகதான் வாய்க்கரிசியும் போடணும். விழுந்து கும்பிட்டுப் போடணும். போடுறியா?"

"குளிப்பாட்ட மட்டும் விடுண்ணே. கும்பிட்டு அரிசி போடுறது என்னால ஏலாது."

"ஏன் ஏலாது? கையில கட்டா போட்டுருக்கு?"

நான் கல்யாணத்துக்காக நாகஜோதியிலிருந்து ஆசிபா ஆனவள்தான். அதை மறைக்கவில்லை. ஆரம்பத்தில் மாமியார் சைதுன் பீவிக்குப் பயந்துதான் தொழுதேன். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போன சமயம், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், தாங்க முடியாமல் நெற்றியைத் தரையில் வைத்து அழுதேன். ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உன்னைத் தவிர வேறு எதன் முன்னாலும் விழமாட்டேன் என்று அன்றைக்கு அவனிடம் சொன்னேன். பள்ளிவாசலில் எந்த அஜரத்தும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. இப்போது ஊருக்காகப் பொய்யாக விழுந்தால் அவனையும் ஏமாற்றுகிறேன், பெற்றவளையும் ஏமாற்றுகிறேன்.

இத்தனையையும் எழவு வீட்டில் நின்று சொல்ல முடியுமா?

"நெசமா நம்புறேண்ணே. அதான் ஏலாது" என்றேன்.

அண்ணனின் முகம் கறுத்துப்போனது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒருத்தன் மேல ஆசப்பட்டுப் போன. வயசுக் கோளாறுன்னு ஆத்தாவும் மறந்துச்சு, நானும் மறந்தேன். நீ நெசமாவே அதுல எறங்கிட்டியா? அப்ப ஆத்தா காலமெல்லாம் கும்பிட்டது பொய்யா?"

"நான் அப்படிச் சொல்லலண்ணே."

"வேற எப்படிச் சொல்லணும்? போ. எழவுக்கு வந்த பொம்பளைகளோட போயி நில்லு."

போய் நின்றேன். அண்ணி மாரீஸ்வரிதான் தண்ணீர் ஊற்றினாள். அம்மாவுக்குக் காதில் தண்ணீர் போனால் ஆகாது. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டுதான் ஊற்ற வேண்டும். இவள் மாட்டைக் கழுவுவது மாதிரி மடமடவென்று ஊற்றினாள். "அண்ணி, காதப் பொத்திக்கிட்டு ஊத்துங்க" என்று கத்தியேவிட்டேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அரிசி போடும் நேரம் வந்தது. மகள் சார்பில் யார் என்று குரல் கேட்டதும் சபீர் முன்னால் போனார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, விழுந்து கும்பிட்டு, அரிசியை அள்ளிப் போட்டார். அண்ணன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். என்னைக் கூட்டிக்கொண்டு போனதற்காக ஒரு காலத்தில் அரிவாளோடு தேடிய அதே ஆளைத்தான்.

"இந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஈரம் பெத்த மகளுக்கு இல்லையே" என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள்.

எனக்காகத்தானே செய்தார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மாவைத் தொடாமலே அனுப்பிவிட்டேன்.

அருப்புக்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் சபீர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

"இனிமே உங்க வீட்டுக்குப் போக வர இருக்கலாம். மச்சானே வாயத் தொறந்து வரச் சொல்லிட்டாரு. ஒரு பிடி அரிசிதான ஆசிபா, போட்டுருக்கலாம்ல?"

"நீங்க என்ன நெனச்சுப் போட்டீங்க?"

"என்னத்த நெனைக்கிறது? எல்லாரும் நிக்கிறாக, காரியம் ஆகணும்ல."

"நிக்காஹுக்கு முன்னாடி அல்லாவத் தவிர யாருமில்லன்னு எனக்குக் கலிமா சொல்லிக் குடுத்தீங்களே, அப்ப என்ன நெனச்சீங்க?"

சிரித்தார். "அதச் சொல்லலைன்னா ஜமாத்துல ஒத்துக்கிருவாகளா?"

"நான் சொன்னது?"

"நீ எனக்காகச் சொன்ன. எனக்குத் தெரியாதா?" என்று பிரியமாக என் கையைப் பிடித்தார்.

"இத்தன வருசமா தொழுகுறேனே, அது?"

"எங்கம்மா மனசு கோணக் கூடாதுன்னுதான. உன்ன மாதிரி யாரு இருப்பா?"

கையை இழுத்துக்கொண்டேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. அம்மா போன துக்கம் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். என் அண்ணன் என்னைப் பந்தலை விட்டுத் தள்ளினான். ஆனால் நான் நம்புகிறேன் என்று சொன்னதை அவன் நம்பினான். இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்த இந்த மனுஷன் அதைக்கூட நம்பவில்லை.